அவதூறு வழக்கில் தோற்றாச்சு, வக்கீலை மாற்றட்டுமா?

கேள்வி: நியூயார்க் மாநிலத்தில் ஒரு சின்ன டவுனில் இருக்கிறேன். டவுன் போர்டு தேர்தலில் நின்றேன். எதிர்த்து நின்றவர் நடத்திய விளையாட்டுக் கழகத்தின் கணக்கில் பணம் குறைகிறது என்று கேள்விப்பட்டு, கூட்டத்திலும் ஃபேஸ்புக்கிலும் "அவர்தான் எடுத்தார்" என்று சொல்லிவிட்டேன். தேர்தலிலும் தோற்றேன், அவர் போட்ட அவதூறு வழக்கிலும் தோற்றேன். மாநில நீதிமன்றத்தில் ஜூரி மொத்தம் 3 லட்சத்து 40 ஆயிரம் டாலர் கொடுக்கச் சொல்லிவிட்டது. தீர்ப்பு பதிவான நோட்டீஸ் எங்கள் கைக்கு வந்து 11 நாள் ஆகிறது. என் வக்கீல் எங்கள் வீட்டுப் பத்திரப்பதிவைச் செய்துகொடுத்தவர், நல்ல மனிதர், ஆனால் விசாரணையில் திணறினார். டிரம்பே 83 மில்லியன் தீர்ப்பு வந்ததும் வக்கீலை மாற்றினாரே, நீங்கள் ஏன் இவரையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்கிறார் மச்சான். மாற்றட்டுமா சார்?

பதில்:

மாற்றலாம். ஆனால் அதற்கு முன்னால் உங்களுக்கு இன்னும் 19 நாள்தான் இருக்கிறது என்பதைக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். தீர்ப்பு பதிவான நோட்டீஸ் முறைப்படி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அப்பீல் நோட்டீஸ் தாக்கல் ஆகவேண்டும், ஒரு நாள் தவறினாலும் உலகத்திலேயே பெரிய வக்கீலை வைத்தாலும் கதவு திறக்காது. இரண்டு பக்கம் வரும் ஒரு சாதாரணக் காகிதம், 65 டாலர் கட்டணம், கவுண்டி கிளர்க்கிடம் போட்டு எதிர்த்தரப்புக்கு ஒரு பிரதி அனுப்பினால் முடிந்தது. இதை உங்கள் இப்போதைய வக்கீலே செய்யலாம், செய்யச் சொல்லுங்கள், புது வக்கீல் கிடைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். நல்ல வக்கீலைத் தேடித்தேடி நாள் தாண்டிப்போய் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் சொல்ல ஒன்றுமே இருக்காது, காபி கொடுத்து அனுப்புவதுதான்.

சரி, மச்சான் சொன்ன டிரம்ப் விஷயத்துக்கு வருவோம். அவர் வக்கீலை மாற்றினார் என்பது உண்மைதான், மாற்றியதால் என்ன ஆனது என்பதை மச்சான் சொல்லவில்லை.

கதை சுருக்கமாக. ஈ. ஜீன் கேரல் என்ற பத்திரிகை எழுத்தாளர், 1990களில் ஒரு கடையின் உடைமாற்றும் அறையில் டிரம்ப் தன்னைப் பலாத்காரம் செய்தார் என்று 2019-ல் எழுதினார். அப்போது அதிபராக இருந்த டிரம்ப் அதை மறுத்து, அவரைப் பொய்க்காரி என்ற ரீதியில் பேசினார். அதற்கு 2019 நவம்பரில் ஓர் அவதூறு வழக்கு. பதவியை விட்டு இறங்கிய பிறகு 2022-ல் மறுபடி அதே மாதிரி எழுதினார், அதற்கும் அந்தப் பழைய அத்துமீறலுக்கும் சேர்த்து இன்னொரு வழக்கு. இரண்டாவதாகப் போட்டது முதலில் விசாரணைக்கு வந்தது. 2023 மே 9-ம் தேதி ஜூரி, பாலியல் அத்துமீறலும் அவதூறும் நிரூபணம் என்று 50 லட்சம் டாலர் போட்டது. அப்போது வாதாடியவர் ஜோ டகோபினா. முதல் வழக்கு 2024 ஜனவரியில் வந்தபோது அவர் விலகிவிட்டார், அலினா ஹப்பா நின்றார். ஜனவரி 26-ம் தேதி மூன்று மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளாமல் ஜூரி 8 கோடியே 33 லட்சம் டாலர் என்று வந்து சொன்னது. அடுத்த சில நாளில், அப்பீலுக்காகப் பல சட்ட நிறுவனங்களை நேர்காணல் செய்துகொண்டிருக்கிறேன் என்று டிரம்ப் சமூக வலைத்தளத்தில் அறிவித்தார். மச்சான் படித்தது இந்த இடம்வரை.

அப்புறம் நடந்தது இது. 50 லட்சம் டாலர் வழக்கின் அப்பீலை 2024 செப்டம்பரில் ஜான் சாவர் வாதாடினார், பின்னால் மத்திய அரசின் சொலிசிட்டர் ஜெனரல் ஆனவர், சாமான்யப்பட்டவர் இல்லை. டிசம்பர் 30-ம் தேதி தீர்ப்பு உறுதியானது. பெரிய தொகை வழக்கின் அப்பீலை 2025 ஜூனில் வேறொரு வக்கீல் வாதாடினார். செப்டம்பர் 8-ம் தேதி அதுவும் ஒரு டாலர் குறையாமல் உறுதியானது. இத்தனை பேர் மாறியும் அந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிவு மாறவில்லை.

ஹப்பா சொதப்பியதால்தான் தோற்றார் என்று நிறையப் பேர் எழுதினார்கள். சொதப்பல் இருந்தது நிஜம். ஓர் ஆவணத்தைச் சாட்சியத்தில் எப்படிச் சேர்ப்பது என்பதை இடைவேளையில் ஞாபகப்படுத்திக்கொண்டு வாருங்கள் என்று நீதிபதி லூயிஸ் கப்லன் அவரிடம் சொன்னார், எந்த வக்கீலுக்கும் அதைவிட அவமானம் வேண்டியதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், முந்தைய ஜூரி ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட விஷயத்தை மறுபடி கிளற முடியாது என்று அதே நீதிபதி 2023 செப்டம்பரிலேயே உத்தரவு போட்டாகிவிட்டது. அதாவது ஹப்பா எழுந்து நின்று முதல் வார்த்தை பேசுவதற்கு நாலு மாதம் முன்னாலேயே, அவதூறு செய்தாரா இல்லையா என்ற கேள்வி முடிந்துவிட்டது, எவ்வளவு என்பது மட்டும்தான் பாக்கி. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதே கை இதே சீட்டுதான்.

அந்த வழக்கில் எங்களைப் போன்ற அப்பீல் வக்கீல்களுக்கு வலிக்கிற இடம் வேறு. அதிபர் பதவியில் இருந்தபோது பேசிய பேச்சு, அதனால் எனக்கு விலக்குரிமை உண்டு, அதாவது அதற்காக என்மேல் வழக்கே போடமுடியாது என்று ஒரு வாதம் இருந்தது. ஜெயித்திருக்குமா என்பது வேறு விஷயம், ஆனால் கனமான வாதம். அதை 2019-ல் வழக்கு வந்தவுடன் எழுப்பவில்லை, சுமார் மூன்று வருடம் கழித்துத்தான் எழுப்பினார்கள். 2023 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், காலம் தாழ்த்தியதால் அந்த உரிமையை நீங்களே கைவிட்டுவிட்டீர்கள் என்றது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அதிபர்களின் விலக்குரிமையைப் பெரிதாக்கிய பிறகு, புது வக்கீல் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி போய்க் கேட்டார், 2025-ல் மறுபடியும் இல்லை என்றுவிட்டார்கள். முன்னால் இருந்தவர்கள் பூட்டாமல் விட்ட கதவைப் பின்னால் வந்தவர் பூட்டப் பார்த்தார், அதற்குள் வீடு காலி.

அப்பீல் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்பீலில் புது சாட்சி கிடையாது, புது ஆவணம் கிடையாது, ஜூரி கிடையாது. கீழே நடந்ததன் டிரான்ஸ்கிரிப்ட் கட்டு ஒன்று வரும், பக்கத்துக்குப் பக்கம் வரி எண் போட்டிருக்கும், அதுதான் உலகம். என் மேஜையில் அந்தக் கட்டு வந்ததும் நான் முதலில் சாட்சிகள் சொன்னதைப் படிப்பதில்லை. மஞ்சள் ஒட்டுக்காகிதத்தை எடுத்துக்கொண்டு, நம் வக்கீல் எந்தெந்த இடத்தில் எழுந்து "அப்ஜெக்ஷன்" என்றார் என்று மட்டும் தேடிக்கொண்டே போவேன். ஒட்டுக்காகிதம் நிறைய நீட்டிக்கொண்டிருந்தால் சந்தோஷம். ஒரு முறை 900 பக்கக் கட்டில் எட்டே எட்டு காகிதம்தான் ஒட்ட முடிந்தது, அதில் ஐந்து, சாட்சி மெதுவாகப் பேசுகிறார் காதில் விழவில்லை என்பதற்கு. கட்சிக்காரர் எதிரே உட்கார்ந்து நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது உங்கள் கேஸ். உங்கள் காகிதம் எதையும் நான் பார்க்கவில்லை, கடிதத்தை வைத்துப் பேசுகிறேன், அதை மனதில் வையுங்கள்.

நீங்கள் அவதூறாகப் பேசியதாகச் சொல்லப்படுகிற ஆள் தேர்தலில் நின்ற வேட்பாளர். அமெரிக்காவில் 1964-ல் உச்ச நீதிமன்றம் நியூயார்க் டைம்ஸ் வழக்கில் சொன்னதும் அதைத் தொடர்ந்து வந்த தீர்ப்புகளும் என்ன சொல்கின்றன என்றால், பொதுப்பதவியில் இருப்பவரோ அதற்குப் போட்டியிடுபவரோ அவதூறு வழக்கில் ஜெயிக்க வேண்டுமானால், சொன்னது பொய் என்பது மட்டும் போதாது. பொய் என்று தெரிந்தே சொன்னார், அல்லது பொய்யாக இருக்கலாம் என்ற பலமான சந்தேகம் மனதில் இருந்தும் துணிந்து சொன்னார் என்று காட்டவேண்டும், அதையும் சாதாரண அளவில் இல்லை, தெள்ளத்தெளிவான சாட்சியத்தால் காட்டவேண்டும். போதாததற்கு நியூயார்க் மாநிலம் 2020 நவம்பரில், பொது விஷயத்தைப் பற்றிய எந்தப் பேச்சுக்கும் இதே அளவுகோல் என்று சட்டத்தைத் திருத்தியது. ஆகவே உங்கள் வழக்கின் உயிர் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. ஜூரியை உள்ளே அனுப்புவதற்கு முன் நீதிபதி படிக்கும் அறிவுரையில் இந்த அளவுகோல் இருந்ததா? இல்லையென்றால், உங்கள் வக்கீல் எழுந்து நின்று ஆட்சேபித்தாரா?

அவர் ஆட்சேபித்து, நீதிபதி மறுத்திருந்தால் உங்களுக்கு நல்ல அப்பீல் இருக்கிறது. அறிவுரை சரியாகவே இருந்தும் ஜூரி உங்களுக்கு எதிராகப் போயிருந்தால், அதற்கும் வழி உண்டு, இந்த ஒரு விஷயத்தில் மேல் நீதிபதிகள் ஜூரி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் சாட்சியத்தைத் தாங்களே சலித்துப் பார்க்கவேண்டும் என்பது சட்டம். அறிவுரை தப்பு, உங்கள் வக்கீலும் வாயைத் திறக்கவில்லை என்றால் நிலைமை கஷ்டம். முற்றிலும் மூடிய கதவு என்று சொல்லமாட்டேன், அடிப்படையான பிழை என்றால் நியூயார்க்கின் அப்பீல் பிரிவு நீதியின் பொருட்டு எடுத்துப் பார்க்கலாம், ஆனால் அது அவர்கள் தயவு.

இந்த மூன்றாவது நிலைமை உங்களுடையது என்றால் வக்கீலைக் கண்டிப்பாக மாற்றுங்கள், யோசிக்கவே வேண்டாம். காரணம் திறமைக் குறைவு அல்ல. அப்பீல் மனுவில் "விசாரணை வக்கீல் இங்கே ஆட்சேபிக்கத் தவறியது பெரும் பிழை" என்று எழுத வேண்டியிருக்கும், தன் கையால் தன்னைப் பற்றி அப்படி எழுத எந்த மனிதருக்கும் பேனா ஓடாது. எழுதினால் நாளைக்கு நீங்கள் அவர்மேல் கவனக்குறைவு வழக்குப் போட அதுவே சாட்சி ஆகிவிடும் என்று அவருக்கும் தெரியும். உங்கள் நலனும் அவர் நலனும் அந்த இடத்தில் பிரிந்துவிடுகின்றன.

அப்படி வழக்குப் போடலாமா என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். நியூயார்க்கில் தவறு நடந்ததிலிருந்து மூன்று வருடம் அவகாசம், அதே வழக்கில் அவர் உங்களுக்காகத் தொடர்ந்து வேலை செய்யும் காலம் கணக்கில் வராது. ஆனால் அவர் சரியாகச் செய்திருந்தால் நீங்கள் ஜெயித்திருப்பீர்கள் என்று காட்டவேண்டும், வழக்குக்குள் ஒரு வழக்கு நடத்துகிற மாதிரி. ஜெயிக்க வாய்ப்பிருந்த அப்பீலைச் செய்யாமல் விட்டுவிட்டு நேராக வக்கீல் மேல் பாய்ந்தால் அதுவும் உங்களுக்கு எதிராகத் திரும்பும். இன்னொன்று, சிவில் வழக்கில் என் வக்கீல் சரியில்லை என்பதே தீர்ப்பைக் கவிழ்க்கும் காரணம் ஆகாது. நாம் தேர்ந்தெடுத்தவர் செய்தது நாம் செய்ததுதான். வீட்டுப் பத்திரம் முடித்தவரை அவதூறு வழக்குக்குக் கூட்டிக்கொண்டு போனது யார்? கோபித்துக்கொள்ளாதீர்கள், கண் டாக்டரிடம் போய்ப் பல்லைக் காட்டிவிட்டு அவர் சரியாகப் பிடுங்கவில்லை என்கிறீர்கள்.

இதையே திருப்பிப் போட்டால், அவர் ஒழுங்காக ஆட்சேபித்திருக்கிறார், ஜூரிதான் நம்பவில்லை என்றால், முழுக்க விரட்டிவிட வேண்டிய அவசியம் இல்லை. அப்பீலுக்கென்றே இருப்பவர் ஒருவரை மேலே வைத்துவிட்டு இவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். 400-ம் பக்கத்தில் சாட்சி ஏன் தடுமாறினார் என்று கட்டைப் படித்துத் தெரியாது, அறையில் இருந்தவருக்குத்தான் தெரியும். ஜூரி முன்னால் வாதாடுவதும் நாலைந்து நீதிபதிகள் குறுக்கே குறுக்கே கேட்கும்போது பதினைந்து நிமிடம் நின்று பதில் சொல்வதும் வேறு வேறு தொழில், இரண்டும் நன்றாக வருகிறவர்கள் குறைவு.

மாற்றும் வேலை பெரிதில்லை. பழையவரும் நீங்களும் கையெழுத்துப் போட்ட ஒரு மாற்றச் சம்மதப் பத்திரம் தாக்கல் ஆகவேண்டும், அவர் போட மறுத்தால் கோர்ட் உத்தரவு. சிக்கல் வருவது பாக்கிப் பணத்தில். கட்டணம் முழுக்கக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் கேஸ் கட்டு அநேகமாக முழுக்க உங்களுக்குச் சொந்தம், பாக்கி இருந்தால் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. சண்டை போட்டுவிட்டுக் கட்டைக் கேட்பதைவிட கட்டை வாங்கிவிட்டுச் சண்டை போடுவது உத்தமம்.

பணத்துக்கு வருவோம், ஏனென்றால் அப்பீல் போட்டதாலேயே வசூல் நிற்காது, இது பலருக்குத் தெரியாது. நிறுத்த வேண்டுமானால் தொகைக்கு ஈடாகப் பாண்ட் கட்டவேண்டும். டிரம்ப் 2024 மார்ச் 8-ம் தேதி 9 கோடியே 16 லட்சம் டாலருக்குக் கட்டினார், தீர்ப்புத் தொகையைவிடப் பத்து சதவிகிதம் மேலே, தவணை முடிய மூன்று நாள் இருக்கும்போது. உங்களுக்குப் பாண்ட் கொடுக்கும் நிறுவனம் வீட்டையோ வங்கி இருப்பையோ ஈடு கேட்கும், பிரீமியம் தனி. வட்டி வேறு ஓடுகிறது, நியூயார்க்கில் வருடத்துக்கு 9 சதவிகிதம், உங்கள் தொகைக்கு நாளொன்றுக்கு 80 டாலருக்கு மேல். இதை மனதில் வைத்துக்கொண்டு எதிர்த்தரப்போடு சமரசம் பேசத் தயங்காதீர்கள், அப்பீல் நோட்டீஸ் போட்ட பிறகு அவர்களுக்கும் இரண்டு வருடம் காத்திருக்கப் பிடிக்காது.

தொகையையே குறைக்கச் சொல்லியும் கேட்கலாம். நஷ்டஈடு வழக்கமான அளவிலிருந்து பெரிதாக விலகியிருந்தால் நியூயார்க் அப்பீல் பிரிவுக்கு, இவ்வளவுக்கு ஒத்துக்கொள், இல்லையென்றால் மறு விசாரணை என்று எதிர்த்தரப்பிடம் சொல்லும் அதிகாரம் உள்ளது. தண்டனையாகப் போட்ட தொகை எவ்வளவு, இழப்புக்கு எவ்வளவு என்று ஜூரி பிரித்துக் கொடுத்திருக்கும், அதை நீங்கள் எழுதவில்லை. கேரல் வழக்கில் இழப்புக்கு 1 கோடியே 83 லட்சம், தண்டனையாக 6 கோடியே 50 லட்சம், மூன்றரை மடங்கு. அதுவே தாங்கியது என்பதால் மடங்குக் கணக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அப்புறம், உங்கள் வீட்டுக் காப்பீட்டோடு அம்ப்ரெல்லா பாலிசி (கூடுதல் பொறுப்புக் காப்பீடு) ஏதாவது எடுத்திருக்கிறீர்களா? அவற்றில் சிலவற்றில் அவதூறும் அடங்கும். பத்திரப்பதிவு வக்கீலாவது இதைக் கேட்டிருக்கவேண்டும், கேட்டாரா தெரியவில்லை. பாலிசியை எடுத்துப் படித்துவிட்டு இன்றைக்கே அவர்களுக்கு எழுதுங்கள். வேண்டுமென்றே தீங்கு செய்தார் என்பதற்கெல்லாம் காப்பீடு கைவிரிக்கும்தான், இருந்தாலும் கேட்காமல் விடவேண்டாம்.

திவால் மனு போட்டுத் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால், முன்னாள் நியூயார்க் மேயர் ஜூலியானியை நினைத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜியாவின் தேர்தல் ஊழியர்களான தாயும் மகளும் போட்ட அவதூறு வழக்கில் 2023 டிசம்பரில் 14 கோடியே 80 லட்சம் டாலர் தீர்ப்பு, ஒரு வாரத்தில் திவால் மனு, அடுத்த ஜூலையில் அது தள்ளுபடி. அந்த நவம்பரில் சொத்தை ஒப்படைக்கும் தகராறு உச்சத்தில் இருந்தபோது அவருடைய வக்கீல்களே எங்களை விடுவியுங்கள் என்று கோர்ட்டில் கேட்டார்கள். நாம் வக்கீலை மாற்றுவது ஒரு நிலைமை, வக்கீல் நம்மை விட்டு ஓடுவது இன்னொரு நிலைமை.

கடைசியாக, கடிதத்தின் அடியில் நீங்கள் ஒட்டி அனுப்பியிருந்த இணைப்பு. தீர்ப்பு வந்த மறுநாள், "விலைபோன ஜூரி, திருடன் திருடன்தான்" என்று நீங்கள் போட்ட பதிவு. அதற்கு 46 பேர் விருப்பக்குறி வேறு. அண்ணே, நுணலும் தன் வாயால் கெடும் என்பதை இதற்கு மேல் எப்படி விளக்க? 50 லட்சம் தீர்ப்பு வந்த மறுநாளே டிரம்ப் தொலைக்காட்சியில் அமர்ந்து மறுபடி அதையே பேசினார், அந்தப் பேச்சு அடுத்த ஜூரியின் முன்னால் போட்டுக்காட்டப்பட்டது, இவரை நிறுத்த எவ்வளவு வேண்டும் என்பதுதான் எதிர்த்தரப்பின் கேள்வியே. அந்த ஆறரைக் கோடி எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? அதைப் புது வக்கீல் தடுத்திருக்க முடியாது, பழைய வக்கீலும் முடியாது.

உங்கள் பதிவு ஒரு புது வழக்குக்குப் போதும். நியூயார்க்கில் அவதூறு வழக்குப் போட ஒரு வருடம் அவகாசம், அவருக்கு நிறைய நாள் இருக்கிறது. அதற்காக இதைப் படித்ததும் அவசரப்பட்டு நீங்களே அழித்துவிடாதீர்கள், சாட்சியத்தை அழித்தார் என்ற பேச்சு வரும். தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, இப்போதிருக்கிற வக்கீலிடம் கொடுங்கள், பதிவை அவர் சொல்கிற விதத்தில் நீக்குங்கள். மச்சானிடமும் உங்கள் பக்கத்தில் போய்க் கருத்து எழுதவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். திங்கட்கிழமை காலை கவுண்டி கிளர்க் அலுவலகம் திறந்ததும் அந்த இரண்டு பக்க நோட்டீஸ் போகட்டும். முத்திரை விழுந்த பிரதி கைக்கு வந்த பிறகு, அடுத்த வக்கீல் யார் என்று நிதானமாகப் பேசுவோம்.